வீடு வாங்கும் முன் ஆப்பர்ச்சூனிட்டி அட்லஸ்: ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

ஓராண்டுக்கும் மேலாக நானும் என் மனைவியும் சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் வீடு தேடினோம். அரோராவில் எட்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தாயிற்று. மகள் மூன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் சொந்த வீட்டில் குடியேறிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். அரோரா பாலாஜி கோவிலில் கேட்டாலும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் கேட்டாலும் விடை ஒன்றாகவே இருந்தது: நேப்பர்வில், அதிலும் 204ஆம் பள்ளி மாவட்டம், அதிலும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணுக்குக் குறையாத தொடக்கப் பள்ளி. "தம்பி, வீட்டைப் பாக்காதீங்க, ஸ்கூல் பவுண்டரியைப் பாருங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க, அந்தப் பக்கம்னா வேண்டவே வேண்டாம்" என்று, பதினைந்து ஆண்டுகளாக அங்கே வாழும் அண்ணன் ஒருவர் உண்மையான அக்கறையோடு சொன்னார். அந்தப் பக்கத்தில் என்ன குறை என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் ஆப்பர்ச்சூனிட்டி அட்லஸ் என்ற இணையக் கருவியைத் திறந்தேன். அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்த அட்லஸை 2018 அக்டோபரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆப்பர்ச்சூனிட்டி இன்சைட்ஸ் ஆய்வுக்குழுவும் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையும் இணைந்து வெளியிட்டன. ஆய்வுக்குழுவை முன்னின்று நடத்துபவர்களுள் ஒருவரான ராஜ் செட்டி, டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா வந்தவர். 1978 முதல் 1983 வரை பிறந்த ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் குழந்தைகளை, வருமான வரிப் பதிவுகளையும் கணக்கெடுப்புப் பதிவுகளையும் பெயர் நீக்கி இணைத்து, முப்பதுகளின் நடுப்பகுதி வரை பின்தொடர்ந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் வளர்ந்தவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதை வரைபடமாக்கியிருக்கிறார்கள். வட்டாரம் என்பது இங்கே சென்சஸ் டிராக்ட். சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் சிறு பகுதி. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 70,000 பகுதிகளை அட்லஸ் காட்டுகிறது. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. முகவரியைத் தட்டினால் போதும்.

முதல் முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் தவறுவார்கள்; நானும் தவறினேன். வீடு விற்கும் தளங்கள் எல்லாம் ஒரு தெருவில் இன்று யார் வாழ்கிறார்கள், அவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன. அட்லஸ் காட்டுவது அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைகள், இப்போது எந்த ஊரில் வாழ்ந்தாலும், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை. பணக்காரர்கள் குடியேறிய இடமும் பிள்ளைகளை முன்னேற்றிவிட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் வருமானம், இனம், பால் ஆகிய மூன்றையும் நாமே மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கருவியின் உயிர். "எல்லோரும்" என்ற நிலையில் வைத்துவிட்டு வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து (சிவப்பு என்றால் பின்னாளில் குறைந்த வருமானம், நீலம் என்றால் கூடுதல் வருமானம்) முடிவெடுப்பது, கருவியைத் திறக்காமலே இருப்பதற்குச் சமம். குறைந்த வருமானப் பெற்றோர் என்று தேர்ந்து, அதில் வெள்ளையர், கறுப்பினத்தவர் என மாற்றி மாற்றி வைத்தபோது, ஒரே தெரு இரண்டு வேறு ஊர்களைப் போல நிறம் மாறியதை முதன்முதலில் கண்ட இரவில் நான் வெகுநேரம் தூங்கவில்லை.

சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிகள் குறைந்த வருமானத்தில் பிறந்தவர்களுக்குச் சிவப்பாகவும், அங்கிருந்து மேற்கே போகப் போக டூப்பேஜ் கவுன்ட்டி என்ற மாவட்டத்தின் புறநகர்கள் நீலமாகவும் தெரிகின்றன. நேப்பர்விலின் பெரும்பகுதி டூப்பேஜில்தான் இருக்கிறது. ஆக, கோவில் வாசலில் கேட்ட அறிவுரையில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. அட்லஸுக்கு முன் 2015இல் ராஜ் செட்டியும் நதானியேல் ஹெண்ட்ரனும் கவுன்ட்டி அளவில் செய்த ஆய்வின்படி, ஏழைக் குடும்பத்துக் குழந்தை ஒன்று சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுன்ட்டியில் வளர்வதைவிட டூப்பேஜில் பிறந்தது முதல் வளர்ந்தால், அதன் பிற்கால வருமானம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக இருக்கும். ஆனால் கவுன்ட்டி என்பது மிகப் பெரிய அளவு. இந்தக் கருவியின் வலிமை அதைவிட நுண்ணிய இடத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் மிக ஏழைக் குடும்பங்களில் வளர்ந்த கறுப்பின ஆண்களில் 44 விழுக்காட்டினர் 2010 ஏப்ரல் 1 அன்று, அதாவது கணக்கெடுப்பு நாளன்று, சிறையில் இருந்தார்கள், அங்கிருந்து 2.3 மைல் தள்ளியுள்ள காம்ப்டனின் நடுப்பகுதியில் அதே நிலைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களில் அது 6.2 விழுக்காடு. இரண்டுமே நகரத்தின் வறிய பகுதிகள் என்று வெளியார் ஒரே மூச்சில் ஒதுக்கிவிடக்கூடிய இடங்கள். அப்படி ஒரே மூச்சில் ஒதுக்கும் பழக்கத்தை இந்த ஓர் எண் எனக்குள் உடைத்தது.

இடம்தான் பிள்ளைகளை மாற்றுகிறதா, அல்லது முன்னேறக்கூடிய குடும்பங்கள் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்தெடுக்கின்றனவா என்று பொருளியல் படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு வலுவான விடை தருவது அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் நடத்திய மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டி என்ற சோதனை. அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களிடையே குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு, வறுமை 10 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள வட்டாரத்துக்கு மட்டுமே பயன்படும் வாடகை உதவிச் சீட்டு கொடுக்கப்பட்டது. பெரியவர்களின் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டன, ஆனால் வருமானம் உயரவில்லை என்று தெரிந்தபோது பலர் அந்தச் சோதனையைத் தோல்வி என்றே எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பின்புதான் விடை வந்தது: 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகளின் வருமானம் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது, அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஓர் இடத்தில் எத்தனை ஆண்டுகள் வளர்ந்தோம் என்பதே கணக்கில் நிற்கிறது. அட்லஸும் இதே அடிப்படையில், ஒவ்வொரு பிள்ளையும் ஓரிடத்தில் வாழ்ந்த ஆண்டுகளின் விகிதப்படியே அந்த வட்டாரத்துக்குக் கணக்கு வைக்கிறது.

இவ்வளவு சொல்லும் கருவி, ஏன் இப்படி ஆயிற்று என்ற ஒன்றை மட்டும் சொல்வதில்லை. சிவப்பும் நீலமும் இயற்கையாக அமைந்த மண்வளம் போலத் திரையில் கிடக்கின்றன. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். ஏனென்றால் வரலாறு தெரியாமல் இந்த வரைபடத்தைப் பார்ப்பவர், குறை அங்கே வாழும் மக்களிடம் இருக்கிறது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார். ஆகவே அட்லஸைத் திறக்கும்போது பக்கத்திலேயே ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் மேப்பிங் இன்ஈக்வாலிட்டி தளத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 1930களில் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற மத்திய அரசு அமைப்பு இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை நான்கு தரங்களாகப் பிரித்து, முதல் தரத்துக்குப் பச்சையும் கடைத் தரத்துக்குச் சிவப்பும் தீட்டிய வரைபடங்கள் அங்கே அப்படியே கிடைக்கின்றன. அவற்றோடு இணைந்த மதிப்பீட்டுப் படிவங்களையும் படியுங்கள். அப்பகுதியில் கறுப்பினத்தவர் உண்டா, எத்தனை விழுக்காடு, யாருடைய "ஊடுருவல்" நிகழ்கிறது என்று தனித்தனிக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அண்டை வீட்டில் குடிவரும் மனிதனைக் கறையான் போலப் பதிவு செய்த அரசுத் தாள்கள் அவை. அந்த வரைபடங்களே பிரிவினையை உண்டாக்கினவா, ஏற்கெனவே இருந்ததைப் பதிவு செய்தனவா என்று பொருளியல் வரலாற்றாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் அடமானக் கடனுக்குக் காப்புறுதி தர மறுத்து, வெள்ளையர் புறநகர்களுக்கு வாரி வழங்கியதில் வாதத்துக்கு இடமில்லை.

சிகாகோவில் இந்தக் கதை மிக அடர்த்தியானது. வீட்டுப் பத்திரத்திலேயே கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் நகரத்தின் பெரும்பரப்பை மூடியிருந்தன. 1937இல் வாஷிங்டன் பார்க் பகுதியில் வீடு வாங்கிய கறுப்பினத்தவரான கார்ல் ஹான்ஸ்பெரி அவ்வாறான ஒப்பந்தம் ஒன்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1940இல் வென்றார். ஆயினும் இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயல்படுத்தக்கூடாது என்ற பொதுவான தீர்ப்பு 1948இல்தான் வந்தது. வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு 1950களிலும் 60களிலும் எஞ்சியிருந்த வழி, தவணை ஒப்பந்தத்தில் வாங்குவது. கறுப்பினத்தவர் குடிவருகிறார்கள் என்று வெள்ளையர்களை அச்சுறுத்தி மலிவாக வாங்கிய வீட்டை இடைத்தரகர் மிகக் கூடுதல் விலைக்குத் தவணையில் விற்பார். கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் அவர் பெயரில்தான் இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் அதுவரை கட்டிய பணமும் போய்விடும். இந்தக் கொள்ளையை எதிர்த்து 1968இல் லாண்டேல் பகுதி மக்கள் ஒப்பந்த வீட்டு வாங்குவோர் சங்கம் அமைத்துப் போராடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1966 ஜனவரியில் அதே லாண்டேலில் வாடகைக்குக் குடிவந்தார். அந்த ஆகஸ்டில் மார்க்கெட் பார்க் ஊர்வலத்தில் கல்லடி பட்டார். அவர் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தாயிற்று. இந்தச் சட்டத்தின் பலனைத்தான் நாம், பிறகு வந்தவர்கள், எந்தப் போராட்டமும் செய்யாமல் நேப்பர்விலில் வீடு வாங்கும்போது அனுபவிக்கிறோம். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் இதை யாராவது ஒருமுறையேனும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பிரிவினை ஏன் கரையவில்லை? மக்கள் எந்த அளவுக்குப் பிரிந்து வாழ்கிறார்கள் என்பதை அளக்க ஒரு குறியீடு உண்டு. முற்றிலும் கலந்திருந்தால் 0, முற்றிலும் பிரிந்திருந்தால் 100. சிகாகோப் பெருநகரில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே 2010 கணக்கெடுப்பில் அது 75 அளவில் இருந்தது; அதாவது சமமாகக் கலந்து வாழ வேண்டுமானால் கறுப்பினத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் வீடு மாற வேண்டும். இதற்குத் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971இல் தந்த விளக்கம் புகழ்பெற்றது. அவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கட்டங்களில் இரண்டு வகை நாணயங்களை வைத்துச் செய்து பார்த்ததை, நானும் என் மகளும் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் சோழியும் வைத்துச் செய்து பார்த்தோம். தன்னைச் சுற்றியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தன் இனமாக இருந்தால் போதும், மற்றபடி யாரோடும் வாழச் சம்மதம் என்பதுதான் விதி. அந்த அளவும் கிட்டாத கொட்டை வேறு வெற்றுக் கட்டத்துக்கு நகரும். சில சுற்றுகளிலேயே புளியங்கொட்டைகள் ஒரு மூலையிலும் சோழிகள் மறு மூலையிலும் திரண்டுவிட்டன. "யாரும் யாரையும் வெறுக்கலையேப்பா, அப்புறம் ஏன் பிரிஞ்சாங்க?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்விதான்; ஆனால் அவளிடம் நான் சேர்த்துச் சொன்னது, சிகாகோவில் பலர் வெறுக்கவும் செய்தார்கள், அந்த வெறுப்புக்கு அரசின் முத்திரையும் இருந்தது என்பதைத்தான். ஷெல்லிங்கின் கட்டங்கள் ஒரு கூறை மட்டும் தனியே பிரித்துக் காட்டுகின்றன. அதையே முழு விளக்கமாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

டேவிட் கட்லர், எட்வர்ட் கிளேசர், ஜேக்கப் விக்டர் ஆகிய மூவரும் 1890 முதல் 1990 வரை நூறாண்டுத் தரவுகளைக் கொண்டு 1999இல் காட்டியது இதைத் தெளிவாக்குகிறது. முற்பகுதியில் பிரிவினை மிகுந்த நகரங்களில் கறுப்பினத்தவரே ஒப்பீட்டளவில் கூடுதல் வாடகை கொடுத்தார்கள். வெளியேறும் வழி அடைக்கப்பட்டிருந்ததால் உள்ளே விலை ஏறியது. 1990க்குள் நிலைமை தலைகீழாகி, வெள்ளையர் மிகுந்த இடத்தில் வாழ வெள்ளையர்களே கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அதாவது, வேலி போட்டுத் தடுத்த பிரிவினையின் இடத்தை விலை கொடுத்து விலகும் பிரிவினை பிடித்துக்கொண்டது. யாரையும் தடுக்காமலே, பணத்தை உயர்த்திக் கேட்பதன் வழியாகவே எல்லை காக்கப்படுகிறது.

பள்ளி மதிப்பெண்ணின் வழியாக நாமும் இந்த விலையில் பங்கு கொள்கிறோம். சாண்ட்ரா பிளாக் என்பவர் மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால் வீட்டு விலை 2.5 விழுக்காடு உயர்கிறது என்று 1999இல் கண்டார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியை ஆராய்ந்த பேயர், ஃபெரெய்ரா, மெக்மில்லன் ஆகியோர், எல்லையின் இருபுறமும் வாழும் மக்களின் வருமானம், கல்வி, இனம் ஆகியவையும் மாறுகின்றன என்பதையும், அவற்றைக் கணக்கில் எடுத்தால் பள்ளிக்கான விலை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அண்டை வீட்டாருக்கான விலை என்பதையும் 2007இல் காட்டினார்கள். "ஸ்கூலுக்காகத்தான்" என்று நாம் மனமார நம்பிச் சொல்லும் சொல்லுக்குள் இவ்வளவு அடங்கியிருக்கிறது. அண்ணனால் விளக்க முடியாத "அந்தப் பக்க"த்தை அட்லஸில் வைத்துப் பார்த்தேன். குறைந்த வருமானத்தில் வளர்ந்தவர்களுக்கான வேறுபாடு தெரிந்தது. பெற்றோர் வருமானத்தை எங்கள் நிலைக்கு உயர்த்தியபோது வரைபடம் முழுவதும் நீலத்தை நோக்கி நகர்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பகுதிகளுக்கு இடையிலான இடைவெளி, நான் அஞ்சியதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அந்தச் சிறு பங்குக்காக நாங்கள் கொடுக்கத் துணிந்திருந்த கூடுதல் விலை பெரியது. எங்களைப் போன்றவர்கள் அதைக் கொடுக்கக் கொடுக்க, அந்த இடம் உண்மையில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு எட்டாமல் போகிறது. இந்தக் கருவி எனக்குக் கற்றுத் தந்தவற்றுள் இதையே முதன்மையாகச் சொல்வேன். வேறு எந்த வீடு தேடும் தளமும் இதைக் காட்டவில்லை.

இடையில் எங்களுக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு முகவர் ஒருவரிடம், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் என்ற ஊரில் வீடு காட்டச் சொன்னோம். மூன்று வாரம் கழித்தும் அவர் அனுப்பிய பட்டியலில் நேப்பர்வில் வீடுகளே இருந்தன. "உங்க ஆட்கள் எல்லாம் இங்கேதானே இருக்கிறார்கள்" என்று புன்னகையோடு காரணமும் சொன்னார். அன்போடு சொன்னாலும், இனத்தைக் கருதி ஒருவரை ஓரிடத்துக்குத் திருப்பிவிடுவது 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வீட்டுவசதித் துறை 2012இல் 28 பெருநகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தியது; ஒரே தகுதியுள்ள இருவரை, இனம் மட்டும் வேறாக, வீடு கேட்டு அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையரோடு ஒப்பிட, வீடு வாங்க வந்த கறுப்பினத்தவருக்கு 17.7 விழுக்காடு குறைவான வீடுகளே காட்டப்பட்டன, ஆசியர்களுக்கு 18.8 விழுக்காடு குறைவு. இது கறுப்பினத்தவரின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கும் நம்மவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் படிக்க வேண்டும். நாங்கள் முகவரை மாற்றினோம்.

இனிக் கருவியின் குறைகள். முதலாவதும் பெரியதும், அதன் அடிப்படைத் தரவின் வயது. 1980களிலும் 90களிலும் வளர்ந்தவர்களின் கதையை வைத்து இன்றைய தெருவை மதிப்பிடுகிறோம். சோளக்காடாக இருந்த இடங்கள் இன்று நேப்பர்விலின் குடியிருப்புகளாக இருக்கின்றன; அங்கே "வளர்ந்தவர்கள்" என்று அட்லஸ் சொல்வது இன்றைய குடியிருப்புக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காலம் நின்றுவிடவில்லை என்பதற்கு அதே குழுவின் 2024ஆம் ஆண்டு ஆய்வே சான்று: 1978இல் பிறந்தவர்களோடு 1992இல் பிறந்தவர்களை ஒப்பிட்டால், ஏழைக் குடும்பத்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் இடையிலான வருமான இடைவெளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருக்கிறது, வெள்ளையருக்குள்ளேயே ஏழைக்கும் பணக்காரருக்குமான இடைவெளி கூடியிருக்கிறது. இரண்டாவது, ஆசியர் என்று தேர்ந்தெடுத்தால் பல வட்டாரங்கள் வெறுமையாகி விடுகின்றன. அந்தத் தலைமுறையில் அங்கே போதிய ஆசியக் குழந்தைகள் இல்லை. நிறம் தெரிகிற இடத்திலும், ஆசியர் என்ற ஒரே பெட்டிக்குள் எத்தனையோ நாட்டினர் அடங்கியிருக்கிறார்கள். மூன்றாவது, கைப்பேசியில் இதைப் பயன்படுத்துவது கண்ணுக்கும் விரலுக்கும் வேதனை. கணினியில் மட்டும் திறவுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நல்ல வட்டாரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை இந்த வரைபடம் உண்டாக்கக்கூடும். அதே குழு 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு அதை மறுக்கிறது: ஒரே வட்டாரத்தில், ஒரே வருமானக் குடும்பங்களில் வளர்ந்தாலும், 99 விழுக்காடு வட்டாரங்களில் கறுப்பின ஆண்பிள்ளைகள் வெள்ளையின ஆண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். வறுமை குறைவாகவும், கறுப்பினத் தந்தையர் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் உடனிருப்பதாகவும் உள்ள வட்டாரங்களில் அந்த இடைவெளி சிறிதாகிறது. ஆனால் அத்தகைய சூழலில் வளரும் கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, வெள்ளையினத் தந்தையரை வைத்து அதே கணக்கைப் பார்த்தால் வெள்ளையினக் குழந்தைகளோ நூற்றுக்கு 63.

தகவலை மட்டும் கையில் கொடுத்தால் ஏழைக் குடும்பங்கள் இடம் மாறிவிடுமா என்பதற்கும் விடை இருக்கிறது. சியாட்டில் நகரமும் கிங் கவுன்ட்டியும் 2018 முதல் இந்த அட்லஸின் அடிப்படையில் ஒரு திட்டம் நடத்தின. வாடகை உதவிச் சீட்டு பெற்ற குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும், வீடு தேட உடன் வரும் உதவியாளர், வீட்டு உரிமையாளரோடு பேசித் தருபவர், முன்பணத்துக்குச் சிறு தொகை ஆகியவை கிடைத்தன. வழக்கமான முறையில் 15 விழுக்காட்டினர் மட்டுமே முன்னேற்றம் மிகுந்த வட்டாரங்களுக்குச் சென்றனர். உதவி பெற்றவர்களில் அது 53 விழுக்காடாயிற்று. ஏழைகள் தங்கள் விருப்பத்தால்தான் அந்தந்த இடங்களில் வாழ்கிறார்கள் என்று சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்க என்னைப் போன்றவர்களால் முடிகிறது. வாடகை முன்பணத்துக்கே திண்டாடும் தாய்க்குக் கூடவே ஒரு மனிதர் தேவை.

நாங்கள் கடைசியில் ஓக் பார்க்கில் வீடு வாங்கினோம். சிகாகோ எல்லையை ஒட்டிய இந்த ஊருக்கும் நகரத்தின் ஆஸ்டின் பகுதிக்கும் நடுவே ஆஸ்டின் பூல்வார்டு என்ற ஒரு சாலைதான் இருக்கிறது. 1960இல் கறுப்பினத்தவர் ஏறக்குறைய இல்லாதிருந்த ஆஸ்டினில், முகவர்கள் அச்சத்தைக் கிளப்பி வெள்ளையர்களை விற்கச் செய்ததில், 1980க்குள் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர் ஆனார்கள். ஓக் பார்க்கும் நல்ல வரலாற்றோடு தொடங்கிய ஊர் அல்ல. 1950இல் இங்கே வீடு வாங்கிய கறுப்பின வேதியியல் அறிஞர் பெர்சி ஜூலியனின் வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள், மறு ஆண்டு வெடிகுண்டும் வீசினார்கள். ஆனால் ஊர் திருந்தியது. 1968இலேயே தனக்கென நியாய வீட்டுவசதி விதியை இயற்றியது. 1972இல் தொடங்கிய ஓக் பார்க் வீட்டுவசதி மையம், வாடகைக்கு வருபவர்களிடம் அவர்கள் தாமாகக் கேட்காத தெருக்களையும் காட்டிக் கலந்து வாழ ஊக்கியது. 1978இல் வீட்டு விலை சரிந்தால் ஈடு தரும் காப்புறுதித் திட்டத்தையும் ஊராட்சி கொண்டுவந்தது. புளியங்கொட்டைகள் மூலைக்கு ஓடாதபடி, ஒருவர் போனால் எல்லோரும் போய்விடுவார்கள் என்ற அச்சத்தின் வேரிலேயே கைவைத்தார்கள். கார்ட், மாஸ், ரோத்ஸ்டைன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறுபான்மையினர் பங்கு 5 முதல் 20 விழுக்காட்டுக்குள் ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டதும் வெள்ளையர் வேகமாக வெளியேறுவது அமெரிக்க நகரங்களின் பொதுப் போக்கு. இந்த ஊர் அந்தப் புள்ளியில் சரியாமல் நின்றிருக்கிறது. சாலைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி எனக்குள் தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அண்ணன் குடும்பத்தோடு வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, பள்ளி மதிப்பெண்ணைத்தான் முதலில் கேட்டார். கணினியைத் திறந்து அட்லஸைக் காட்டினேன். அவருடைய மகன் கல்லூரி முடித்து வீடு தேடத் தொடங்கியிருப்பதால், முகவரியை எழுதி வாங்கிக்கொண்டார். ஓக் பார்க்கைக் கருதுபவர்களுக்கு ஒன்று: இங்கே சொத்து வரி மிகக் கூடுதல், அட்லஸில் அது தெரியாது. வீட்டு விலையோடு வரியையும் மாதக் கணக்கில் சேர்த்து, நேப்பர்வில் வீட்டோடு ஒப்பிட்ட பின்பே முன்பணம் கொடுங்கள்.